மடத்துவெளி: மழையும் வெள்ள வாய்ப்பும்

மடத்துவெளி, யாழ்ப்பாண மாவட்டத்தின் தீவகப் பகுதியில் புங்குடுதீவில் உள்ள ஓர் ஊர். வேலணையிலிருந்து கடலை ஊடறுத்து வரும் தாம்போதி வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகிறவர்கள் தீவுக்குள் முதலில் காணும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. ஆறில்லை, மலையில்லை, நிலம் கடல்மட்டத்துக்கு மேலே சில மீற்றர் உயரந்தான். மலைச்சரிவில் உருண்டோடி வந்து பாலத்தை அடித்துச் செல்லும் வெள்ளம் இங்கு வராது. இங்கு வருவது தேங்கும் வெள்ளம். வருவதற்கு ஒரு நாள் போதும், வடிவதற்குத்தான் நாட்கள் வேண்டும்.

கோடையில் வெள்ள வாய்ப்பு அனேகமாக இல்லை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் வீசும். அந்தக் காற்றின் ஈரத்தை மேலே தூக்கி மழையாக்க யாழ்ப்பாணத்தில் உயர்நிலம் கிடையாது. யூன், யூலை மாதங்களின் சராசரி மழை ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் அளவே. அதே சோளகக் காலத்தில் கொழும்பு நனையும். 1992 யூன் 4ஆந் திகதியையொட்டிய 24 மணித்தியாலங்களில் கொழும்பில் 493.7 மில்லிமீற்றர் மழை கொட்டி நகரையே மூழ்கடித்தது. ஒரே இலங்கையின் இரு பகுதிகளுக்கு யூன் மாதம் அவ்வளவு வேறானது. வடக்கில் கோடைமழை என்றால் பங்குனி, சித்திரையில் பிற்பகல் இடியோடு வரும் மழைதான். வேலணையில் பெய்வது புங்குடுதீவை எட்டாமலே நின்றுவிடுவதும் உண்டு. எட்டினாலும், காய்ந்து வெடித்த நிலம் அதை உடனே குடித்துவிடும்.

மாரியின் கதை வேறு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆண்டு மழை சுமார் 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை விழுகிறது. வாடைக்காற்றின் மழை ஒருபுறமிருக்க, வங்கக் கடலில் உருவாகும் தாழமுக்கங்களே வெள்ளத்தைக் கொண்டுவருகின்றன. தாழமுக்கம் வேகமாக நகர்ந்தால் தப்பிக்கலாம்; ஒரே இடத்தில் தங்கினால்தான் ஆபத்து. 2008 நவம்பரில் 'நிஷா' புயல் அப்படித்தான் தங்கியது. நவம்பர் 25 அளவில் யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 389.8 மில்லிமீற்றர் பதிவானது. போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஏற்கெனவே இடம்பெயர்ந்திருந்தவர்கள் மழையால் இன்னொரு முறை இடம்பெயர்ந்தார்கள். 2024 நவம்பர் இறுதியில் 'ஃபெங்கல்' புயலுக்கு முந்திய தாழமுக்கம் இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி நகர்ந்தபோதும் யாழ். மாவட்டம் வெள்ளத்தில் நின்றது. நாடு முழுவதும் க.பொ.த. உயர்தரப் பரீட்சையைச் சில நாட்களுக்கு நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

நீர் தேங்குவதன் காரணம் நிலத்தடியில் இருக்கிறது. குடாநாட்டைப் போலவே தீவகமும் சுண்ணாம்புக்கல் நிலம். மாரியின் முதல் மழையை அந்தக் கல்லின் வெடிப்புகளும் பொந்துகளும் தாராளமாக உள்வாங்கும். கார்த்திகை பிறக்கும்போது கிணறுகளைப் பார்த்தால் மீதி விளங்கும். ஆடியில் கயிறு முழுவதையும் விட்டு அள்ளிய கிணற்றில் இப்போது குனிந்து கையாலேயே வாளியைத் தோய்க்கலாம். நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அதன்பின் பெய்வது எல்லாம் தரையில்தான் நிற்கும். குளங்களும் தரவைகளும் நிரம்பி, ஒழுங்கைகள் வாய்க்கால்களாகும். கடலில் கலக்கவேண்டிய நீரை, வாடைக்காற்று கரையில் ஏற்றிவைத்த கடல்நீரே தடுத்து நிறுத்தும். மதகு தூர்ந்துபோன வீதியும் ஓர் அணைக்கட்டுத்தான். வாய்க்காலை மூடிக் கட்டிய மதில்களை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது.

இருந்தாலும் நீர் முழுவதையும் விரைந்து கடலுக்கு விடுவது தீவகத்துக்குப் பொருந்தாத வைத்தியம். இங்கே நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை உப்பு ஒதுங்கி நிற்கும் என்பது நிலநீரியலின் பொதுக்கணக்கு. சிறு தீவுகளில் அது அவ்வளவு சீராக வாய்ப்பதில்லை. மாரியில் கடலுக்கு விட்ட தண்ணீரைத்தான் ஆனியில் பவுசரில் வாங்கவேண்டியிருக்கிறது. கேணியும் குளமும் வெட்டி, உவர் ஏறாமல் கரையோர அணை கட்டிய முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது. அந்தக் குளங்களைத் தூர்வாருவது வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஒரே செலவில் செய்யும் வேலை.

எச்சரிக்கை வெளியிடும் பொறுப்பு வளிமண்டலவியல் திணைக்களத்துடையது. இடர்காலப் பணிகளை அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வேலணைப் பிரதேச செயலகமும் கிராம அலுவலர் வழியே செய்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் துறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜாவின் தமிழ் முன்னறிவிப்புகளையும் வடக்கில் பலர் மாரிதோறும் எதிர்பார்த்திருப்பார்கள். அறிவிப்பு வந்தபின் செய்யக்கூடியது கொஞ்சமே. மதகும் வாய்க்காலும் புரட்டாதி முடிவதற்குள் துப்புரவாக்கப்படவேண்டும். ஐப்பசி மழை இறங்கிய பிறகு மண்வெட்டியோடு போவதில் பயனில்லை.