முள்மர எலி

முள்மர எலி (பிளாட்டகந்தோமிஸ் லாசியூரஸ்) மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் வாழும் கொறிவிலங்கு. சமவெளித் தேரிக்காடுகளில் பூச்சி தின்னும் முள்ளெலி வேறு இனம். முள்மர எலியின் முதுகு மயிரிடையே தட்டையான முட்கள் உண்டு. வால் நுனி வெண்மையான குஞ்சம். இரவில் இரை தேடும்.

வரலாறு: 1859இல் கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் எட்வர்ட் பிளைத் இதற்குப் பெயரிட்டார். மாதிரிகளைத் தந்தவர் திருவிதாங்கூரின் முண்டக்கயத்தில் இருந்த மிஷனரி ஹென்றி பேக்கர். அவர் முதலில் எழுதிய குறிப்பில் பாறையிடுக்கும் மரப்பொந்தும் இதன் இருப்பிடங்கள். பின்னர் மலையில் பல நாள் தேடியபோது எல்லாமே முதிய மரங்களின் பொந்துகளில்தான் கிடைத்தன. உள்ளே பாசியும் இலையும் பரப்பிய மெத்தை இருந்தது. பலாப்பழத்தையும் பழுத்த மிளகையும் தின்னும், மரநாயைப் போலவே கள்ளுப்பானையிலும் வாய் வைக்கும் என்கிறார் அவர். அடுத்து வந்த நூல்கள் பெரும்பாலும் இவற்றையே எடுத்தாண்டன. பயிருக்கு எவ்வளவு சேதம் என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை.

வகைப்பாடு: டார்மவுஸ் குடும்பமா எலிக் குடும்பமா என்ற விவாதம் நீண்டகாலம் நடந்தது. இன்று தனிக் குடும்பமாகவே கொள்கின்றனர். எலி வகைகளிலிருந்து மிக முன்பே பிரிந்த கிளை என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. இப்போது வாழும் நெருங்கிய உறவு சீன, வியட்நாம் காடுகளின் டைஃப்லோமிஸ்.

வாழிடம்: தமிழகத்தில் கடையம் என்ற ஊருக்கு மேற்கே, ராமநதி, கடனாநதி அணைகளுக்கு அப்பால் எழும் மலையில் அடிவாரம் முட்புதர்க்காடு, உயரே செல்லச் செல்லப் பசுமைமாறாக் காடு. கடையம் வனச்சரகம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அக்காப்பகத்தின் மழைக்காடுகளில் இவ்வினத்தை உயிருடன் பிடித்து ஆராய்ந்த திவ்யா முடப்பா, அஜித் குமார், ரவி செல்லம் ஆகியோரின் கட்டுரை 2001இல் வெளியானது. கிளையோடு கிளை பின்னி நிற்கும் அடர்ந்த மரக்கூரையே இதற்கு நடைபாதை. பொந்து விழுந்த பெருமரமே வீடு. தோட்டப் பயிருக்காகக் காட்டைத் துண்டாக்கினால் இரண்டும் போய்விடும்.

பாதுகாப்பு: 1962இல் முண்டந்துறையும் 1976இல் களக்காடும் சரணாலயங்களாயின, 1988இல் இரண்டும் இணைந்து தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் உருவானது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் முள்மர எலியை அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டுள்ளது. புலிக்காகக் காத்த காட்டில் இச்சிற்றுயிருக்கும் இடம் கிடைத்தது. பொந்துள்ள முதுமரங்களைப் பட்டதென்று வெட்டாமல் விடுவது இதற்குச் செய்யும் நேரடி உதவி.