மரக் குதிரையும் நெருப்புக் குதிரையும்

ஜப்பானுக்குப் போய் வந்த நண்பர் ஒருவர் எனக்கு ஒரு சின்ன மரக் குதிரையைக் கொண்டுவந்து கொடுத்தார். கன்னங்கரேல் என்ற உடம்பு. அதன்மேல் சிவப்பிலும் வெள்ளையிலும் சித்திரம். தச்சன் நேர்க்கோடாகவே செதுக்கியிருக்கிறான். ஆனாலும் இப்போதே பாய்ந்துவிடுவேன் என்பதுபோல் நிற்கிறது.

மேஜைக்கு அழகான பொம்மை என்றுதான் எண்ணியிருந்தேன். விசாரித்த பிறகல்லவா அது சுமக்கும் பாரம் தெரிந்தது!

நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷம் இருப்பதுபோல ஜப்பானியருக்கும் அறுபதாண்டுச் சக்கரம் உண்டு. சீனாவிலிருந்து வந்த கணக்கு அது. எலி, மாடு, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், காட்டுப்பன்றி என்று வருஷத்துக்கு ஒரு பிராணி. இவற்றுடன் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தும் மாறி மாறிச் சேரும். புத்தாண்டு பிறந்ததும் அந்த வருஷத்துப் பிராணியின் பொம்மையை வீட்டில் வைப்பார்கள். வருஷம் முழுவதும் அது துணை நிற்கும் என்பது நம்பிக்கை.

இந்தப் பொம்மைகளில் சில குழந்தைகளுக்காகவே பிறந்தவை. ஐஸு வட்டாரத்துச் சிவப்பு மாடு அம்மை நோயை விரட்டுமாம். என் குதிரைக்கு ஊர் புகுஷிமாவைச் சேர்ந்த மிஹாரு. கறுப்புக் குதிரை குழந்தைகள் நன்றாக வளர. வெள்ளைக் குதிரை முதியவர்களின் ஆயுளுக்கு. 1954 குதிரை வருஷம். மரத்தோடு சேர்ந்த குதிரை. அந்தப் புத்தாண்டின் தபால் தலையில் மிஹாரு குதிரையைத்தான் அச்சிட்டார்கள்.

அடுத்த குதிரை வருஷம் 1966. அது நெருப்புக் குதிரை. அதில் பிறக்கும் பெண் கணவனின் உயிரைக் குடிப்பாள் என்று ஒரு பழைய பயம். எடோ நகரத்துக் காய்கறி வியாபாரியின் மகள் ஓஷிச்சி, காதலனைக் காணும் ஆசையில் தீ வைத்தாளென்று 1683-இல் எரித்துக் கொல்லப்பட்டாள். அவள் 1666 என்ற நெருப்புக் குதிரை வருஷத்தில் பிறந்தவள் என்று கதை கட்டினார்கள். நாடகங்கள் அவள் கதையைப் பரப்பின. 1906-இல் பிறந்த பெண்கள் கல்யாண வயதில் வரன் கிடைக்காமல் தவித்தார்கள். மூல நட்சத்திரம் என்றதும் பெண்ணின் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பும் நமக்கு இது புதிதாகப் படாது.

1965-இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் 18 லட்சத்து 23 ஆயிரம். 1966-இல் 13 லட்சத்து 60 ஆயிரம். 1967-இல் 19 லட்சத்து 35 ஆயிரம். இடையில் பஞ்சமில்லை, யுத்தமில்லை. உலகமே வியந்த அதிவேக ரயில் 1964-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. ரயில் ஏறிப் போகிறவர்களின் மனம்தான் ஓஷிச்சியின் சிதையருகே நின்றுகொண்டிருந்தது.

2026 மறுபடியும் நெருப்புக் குதிரை வருஷம். என் மேஜைமேல் நிற்கும் குதிரையைப் பார்க்கிறேன். பெண்ணைக் கண்டு பயப்படும்படி அது யாருக்கும் சொல்லித் தரவில்லை. பிறந்த பிள்ளை பிழைத்து வளரட்டும் என்று ஒரு தச்சன் செதுக்கிய குதிரை அது.