குதிரையின் இயல்பும் பாண்டியர் பொன்னும்

தமிழகத்திற்குக் குதிரைகள் கடல்வழியே வந்தமையைப் பட்டினப்பாலை நமக்கு அறிவிக்கிறது. அவ்வாணிகம் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், பாண்டியர் ஆட்சியில், மிகப் பெருகியது. தாமிரபரணி கடலொடு கலக்கும் இடத்தையொட்டி இருந்த காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் வந்திறங்கின. பாரசீக வளைகுடாவிலுள்ள கிஷ் தீவின் தலைவர் ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்ப உடன்பட்டிருந்தார் என்றும், குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார் என்றும், கடலில் இறந்த குதிரைக்கும் அரசின் கருவூலம் விலை கொடுத்தது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதியுள்ளார்.

இத்துணைப் பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் என்னவாயின? 1292ஆம் ஆண்டையொட்டிப் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆயிரக்கணக்கில் வாங்கியும் ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட எஞ்சுவதில்லை என்கிறார். பேணும் முறை அறிந்தோர் அங்கு இல்லை என்றும், சோற்றுடன் இறைச்சியைச் சேர்த்து ஊட்டினர் என்றும் அவர் காரணம் காட்டுகிறார். வசாப் கூறுவதோ இன்னும் விரிவானது. வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்து, நாற்பது நாள் இலாயத்தில் முளையடித்துக் கட்டிக் கொழுக்க வைத்தனராம். பின்னர்ப் பயிற்சி ஏதுமின்றி ஏறி விரட்டினராம். அயலார் கூற்றில் மிகை இருக்கலாம். ஆயினும், இருவரும் பேணுமுறையையே குறை கூறுதல் நம் கருத்திற்குரியது.

பாலும் நெய்யும் ஊட்டியவரைக் கொடியவர் எனல் பொருந்தாது. தமக்கு நல்லதெனத் தோன்றியது குதிரைக்கும் நல்லது என அவர்கள் எண்ணினர். குதிரையோ புல்வெளியின் உயிர். அதன் இரைப்பை சிறிது. நாள் முழுவதும் நடந்தவாறே சிறிது சிறிதாக மேய்வது அதன் வாழ்க்கை. தானியத்தை மிகுத்து ஓரிடத்தில் கட்டிவைத்தால் வயிற்று வலியும் குளம்பு அழற்சியும் அதனைத் தாக்கும். மேலும், அது கூட்டமாய் வாழ்ந்து, பகை கண்டால் ஓடித் தப்பும் விலங்கு. அது மிரளுதல் அச்சத்தால், முரட்டுத்தனத்தால் அன்று.

இவ்வுண்மையைக் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் செனபோன் உணர்ந்திருந்தார். சினத்துடன் குதிரையை அணுகலாகாது என்றார் அவர். மிரட்டும் பொருளைத் தாமே தொட்டுக்காட்டி, குதிரையை அதனருகே மெல்ல அழைத்துச் செல்லுதல் வேண்டும். அடித்தால் அச்சமே மிகும் என்றும் அறிவுறுத்தினார். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்த டாம் டோரன்சு (1910–2003), குதிரையின் நோக்கில் நின்று பார்க்குமாறு கற்பித்தார். இன்று பல நாடுகளில் பரவியுள்ள இயல்புவழிக் குதிரைப் பயிற்சிக்கு அவரே முன்னோடியருள் ஒருவர்.

பாண்டியரிடம் பொன்னுக்குக் குறைவில்லை. வந்த உயிரின் இயல்பை அறியும் முயற்சியே குறைந்தது. அக்குறையால் ஆண்டுதோறும் குதிரைகள் மடிந்தன. பொன்னும் ஆண்டுதோறும் கடல் கடந்து சென்றது. விலங்கை வளர்ப்போரேயன்றி மாணாக்கரை வளர்க்கும் நாமும் இதனை நினைவிற்கொள்வது நன்று.