மெய்நிகர் இயந்திரங்களும் பொதுக் கருவிகளும்

ஒரே கணினியைப் பல கணினிகளாக, அதாவது மெய்நிகர் இயந்திரங்களாக, இயங்கவைக்கும் விஎம்/370 மென்பொருளை ஐபிஎம் 1972 ஆகஸ்டில் அறிவித்தது. அடுத்த ஆண்டு சென்னை ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 370/155 அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அந்த மாடல் முதலில் வெளிவந்தபோது மெய்நிகர் நினைவகத்துக்கான வன்பொருள் அதில் இல்லை. பின்னால்தான் சேர்க்க முடிந்தது.

செயலியைப் பங்கிடுவதைவிட வட்டு, நாடா, அச்சுப்பொறி ஆகியவற்றைப் பங்கிடுவது கடினம். கருவிக்குப் பயனர் தரும் ஒவ்வொரு ஆணையையும், மெய்நிகர் இயந்திரங்களை நடத்தும் மேலாண்மை நிரல் சரிபார்த்து, முகவரியை மாற்றி அனுப்ப வேண்டும். 1976இல் ஆய்வாளர்கள் அட்டனாசியோ, மார்க்ஸ்டீன், பிலிப்ஸ் மூவரும் விஎம்/370ஐ உடைத்துப் பார்த்து ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலில் எழுதினர். கண்ட ஓட்டைகளில் பெரும்பாலானவை உள்ளீடு-வெளியீடு சார்ந்தவை. கிளவுடுக்குப் பல பத்தாண்டு முன்பே அதன் பலவீனத்தைக் காட்டிவிட்ட ஆய்வு இது. உரிய பெயர் அதற்குக் கிடைக்கவில்லை.

பிற்காலச் சர்வர்களில் இரண்டு வழிகள் வந்தன. ஒன்று, கருவியை மென்பொருளிலேயே போலியாகச் செய்து காட்டுவது. மற்றது, நெட்வொர்க் கார்டு போன்ற உண்மையான கருவியை மெய்நிகர் இயந்திரத்திடமே ஒப்படைப்பது. இரண்டாவதில் வேகம் அதிகம், ஆபத்தும் அதிகம். கருவி செயலியைக் கேட்காமலே நினைவகத்தில் நேரடியாக எழுதக்கூடியது. அதைக் கையில் வைத்திருப்பவர் அடுத்தவரின் நினைவகத்தையும் தொடலாம். இதைத் தடுக்க இன்டெல் விடி-டி என்ற காவல் அமைப்பைக் கொண்டுவந்தது. குறுக்கீட்டுச் செய்திகளை முறைகேடாக அனுப்பி அதையும் தாண்டலாம் என்று 2011இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ரஃபால் வோய்ட்சுக்கும் யோவான்னா ருட்கோவ்ஸ்காவும் காட்டினார்கள்.

போலிக் கருவிகளும் பத்திரமாக இல்லை. 2015 மே மாதம் வெளியான ‘வெனம்’ ஓட்டை, கருவிகளைப் போலியாகச் செய்து காட்டும் கியூஇஎம்யூ மென்பொருளின் ஃபிளாப்பி டிரைவ் நிரலில் இருந்தது. யாரும் தொடாத அந்த டிரைவின் நிரலில் 2004 முதல் கிடந்த பிழை, மெய்நிகர் இயந்திரத்திலிருந்து சர்வருக்குள்ளேயே நுழைய வழி தந்தது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் சென்னை, புணே, மும்பையில் கிளவுட் மையங்களைத் திறந்தது. அவிநாசியிலோ திருப்பூரிலோ உள்ள பனியன் கம்பெனி இப்படியொரு மையத்தில் கணக்கையும் ஆர்டரையும் வைத்தால், அதே சர்வரில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

கைமாறும் கருவியில் வேறொரு தொல்லை. சாயப்பட்டறையில் மிஷினைக் கழுவாமல் அடுத்த பார்ட்டியின் துணியைப் போட்டால் பழைய சாயம் ஏறிவிடும். 2019இல் எக்ளிப்சியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஐபிஎம் கிளவுடில் ஒரு முழுச் சர்வரை வாடகைக்கு எடுத்து, அதன் மேலாண்மைச் சிப்பின் ஃபர்ம்வேரைச் சற்று மாற்றித் திருப்பிக் கொடுத்தது. மறுபடி அதே சர்வரை எடுத்தபோது அந்த மாற்றம் அப்படியே இருந்தது. 2024 ஜனவரியில் டிரெயில் ஆஃப் பிட்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ‘லெஃப்ட்ஓவர்லோக்கல்ஸ்’ ஓட்டை கிராஃபிக்ஸ் சிப்புகள் பற்றியது. ஆப்பிள், ஏஎம்டி, குவால்காம், இமாஜினேஷன் சிப்புகளின் உள்நினைவகம் துடைக்கப்படாததால், ஒருவரின் ஏஐ உரையாடலை மற்றொருவர் படிக்க முடிந்தது.

இத்தகைய ஆபத்துகளைக் குறைக்கும் முயற்சிகளும் உண்டு. அமேசான் 2017இல் அறிவித்த நைட்ரோ அமைப்பில் நெட்வொர்க், சேமிப்பு வேலைகள் தனிக் கார்டுகளுக்குப் போயின. பிசிஐ-சிக் அமைப்பு 2022இல் வெளியிட்ட டிடிஐஎஸ்பி விதிகளின்படி, கருவி அசல்தானா என்று சரிபார்த்த பிறகே மெய்நிகர் இயந்திரம் அதைத் தன் நினைவகத்துக்குள் விடும்.