தலைகீழாகத் திருப்பிய சுருள்



பழைய இரும்புக் கடைக்கு வந்து சேரும் மைக்ரோவேவ் அடுப்பு ஒன்றின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே ஒரு மூலையில் செங்கல் போன்ற கனமான ஓர் இரும்புப் பொருளைப் பெரும்பாலும் காணலாம். அதுதான் மின்மாற்றி. கைவேலையில் நாட்டமுள்ளவர்கள் இன்று உலகின் பல பாகங்களிலும் இதைத் தேடிப் பிடிக்கிறார்கள். அதிலுள்ள மெல்லிய கம்பிச் சுருளை வெட்டி நீக்கிவிட்டு, அந்த இடத்தில் விரல் பருமனுள்ள செம்புக் கம்பியை இரண்டே இரண்டு சுற்றுச் சுற்றுகிறார்கள். கம்பியின் இரு நுனிகளிலும் செம்பு முனைகளை மாட்டுகிறார்கள். இரும்புத் தகடுகளை அந்த முனைகளுக்கிடையே வைத்து அழுத்தி, விசையைத் தட்டினால், இரண்டொரு நொடியில் தகடுகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. பட்டறையில் பெரிய விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒரு பற்றவைப்புக் கருவி, கழிவுப் பொருளிலிருந்து பிறந்துவிடுகிறது.

இதைக் காண்பவர்கள் இக்காலத்து இளைஞரின் புதுமை என்று வியப்பதுண்டு. ஆனால் இதே வேலையை ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு பள்ளி ஆசிரியர் செய்துவிட்டார். அவர் பெயர் எலிஹு தாம்சன். அவருடைய கதையைத்தான் இன்று கேட்கவிருக்கிறோம்.

தாம்சன் 1853-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை இயந்திரத் தொழிலாளி. பிழைப்பைத் தேடி அந்தக் குடும்பம் 1858-இல் பிலடெல்பியாவில் குடியேறியது. சிறுவன் தாம்சன் 11 வயதிலேயே தொடக்கக் கல்வியை முடித்துவிட்டான். உயர்நிலைப் பள்ளியிலோ 13 வயது நிரம்பினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். இடையில் கிடைத்த இரண்டு ஆண்டுகளைப் பையன் வீணாக்கவில்லை. ஒரு புத்தகத்தில் கண்டபடி, காலியான மது பாட்டில் ஒன்றைச் சுழலவிட்டு, அதில் தேய்ப்பதால் மின்சாரம் உண்டாக்கும் பொறி ஒன்றைச் செய்தான். அதிலிருந்து வந்த பொறி மிகச் சிறியது. தந்தை அதைத் தொட்டுப் பார்த்துக் கேலி செய்தார். பையன் விடவில்லை. கண்ணாடிச் சாடிகளைக் கொண்டு மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் லேடன் சாடிகளை அமைத்து, பாட்டில் பொறியால் அவற்றை நிரப்பி, மறுபடியும் தந்தையைத் தொடச் சொன்னான். இம்முறை விழுந்த அதிர்ச்சியில் தந்தையின் கேலி நின்றுபோயிற்று.

இந்தச் சிறு நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த லேடன் சாடிகள் இந்தக் கதையில் மறுபடியும் வரும்.

இப்போது சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். இரண்டு இரும்புத் துண்டுகளை ஒன்றாக்குவது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொல்லர் உலையின் வேலையாகவே இருந்துவந்தது. இரும்பை வெண்சூடாகக் காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சம்மட்டியால் அடித்து இணைப்பார்கள். முனை மட்டும் இணைய வேண்டியிருக்கும். ஆனால் கம்பியில் ஒரு பெரும் பகுதியை நெருப்பில் வைக்க வேண்டும். மின்சாரத்தால் இதைச் செய்ய முடியாதா என்று எண்ணியவர்கள் தாம்சனுக்கு முன்பும் இருந்தார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல் என்பவர் 1856-இல் மின்னோட்டத்தைப் பாய்ச்சி இரும்புக் கம்பிகளை உருக்கி இணைத்துக் காட்டினார். அதற்கான மின்சாரத்தை மின்கலங்களிலிருந்தே பெற வேண்டியிருந்த காலம் அது. அத்தனை மின்கலங்களை வைத்து ஒரு தொழிலை நடத்துவது எளிதன்று. ஆகவே ஜூலின் முயற்சி ஆய்வுக்கூடத்தோடு நின்றது.

மின்சாரத்தின் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல சுருள்கள் வேறொரு பாதையில் வளர்ந்து வந்தன. 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியாகக் கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒரு சுருளில் மின்னோட்டம் தொடங்கும் போதும் நிற்கும் போதும், தொடர்பே இல்லாத மற்றச் சுருளில் மின்னோட்டம் ஒரு கணம் தோன்றி மறைவதைக் கண்டார். இந்த உண்மையைப் பயன்படுத்தி, பாரிஸ் நகரில் கருவி செய்துவந்த ரும்கார்ஃப் என்பவர் 1850-களில் புகழ்பெற்ற ஒரு தூண்டு சுருளை உருவாக்கினார். அதில் பருமனான கம்பி சில சுற்றுகளே இருக்கும். மயிரிழை போன்ற மெல்லிய கம்பியோ மைல் கணக்கில் சுற்றப்பட்டிருக்கும். பருமனான கம்பியில் மின்கலத்தின் ஓட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்தினால், மெல்லிய கம்பியின் நுனிகளுக்கிடையே நீளமான மின்பொறிகள் பாயும். பள்ளிகளிலும் சொற்பொழிவு மண்டபங்களிலும் மாணவர்களை வியப்பில் ஆழ்த்திய கருவி இது.

தாம்சன் படித்த பள்ளியிலேயே ஆசிரியரானார். 1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் கழகத்தில் மின்சாரத்தைப் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். அப்போது அவருக்கு வயது 23. எல்லாரும் தூண்டு சுருளை ஒரு பக்கமாகவே இயக்கிக் காட்டிவந்தார்கள். தாம்சன் அதைத் தலைகீழாகத் திருப்பினார். லேடன் சாடிகளில் சேர்த்துவைத்த உயர்ந்த அழுத்தமுள்ள மின்சாரத்தை மெல்லிய கம்பிச் சுருளில் பாய்ச்சினார். பருமனான கம்பியின் இரு நுனிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. ஒரு பளிச்சென்ற ஒளி தோன்றியது. பின்பு அந்த நுனிகளைப் பிரிக்க முயன்றபோது அவை எளிதில் பிரியவில்லை. ஒன்றாக உருகி ஒட்டிக்கொண்டிருந்தன.

நேயர்களே, சொற்பொழிவுக்காக மேசைமேல் வைத்திருந்த பழைய கருவிகளைக் கொண்டே இது நடந்தது. புதிய பொருள் எதுவும் அங்கே இல்லை.

ஏன் ஒட்டிக்கொண்டன என்பதைச் சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு மின்மாற்றியில் மின்சாரம் நுழையும் முதற்சுருள் 230 சுற்று என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அதில் 230 வோல்ட் கொடுத்தால் ஒரு சுற்றுக்கு 1 வோல்ட் ஆகிறது. மின்சாரம் வெளியேறும் துணைச்சுருள் 2 சுற்றே என்றால் அதில் 2 வோல்ட்தான் கிடைக்கும். அழுத்தம் எத்தனை மடங்கு குறைகிறதோ, ஓட்டம் அத்தனை மடங்கு பெருகும். முதற்சுருளில் 10 ஆம்பியர் சென்றால், இழப்பைக் கணக்கில் கொள்ளாமல் பார்த்தால், துணைச்சுருளில் 1,150 ஆம்பியர் பாயும். வெப்பமோ ஓட்டத்தின் இருமடியைப் பொறுத்து உயரும்; அதாவது ஓட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். இரண்டு தகடுகள் தொடும் இடத்தில் மின்தடை மிகுதியாக இருப்பதால், வெப்பம் வேண்டிய அந்த ஒரே இடத்தில் குவிகிறது. கொல்லர் கம்பி முழுவதையும் காய்ச்ச வேண்டியிருந்தது. இங்கே இணையும் புள்ளி மட்டுமே உருகுகிறது.

தாம்சன் தாம் கண்டதை மறக்கவில்லை. ஆயினும் உடனே அதைத் தொழிலாக்கவும் முடியவில்லை. லேடன் சாடியின் மின்சாரம் ஒரு கணத்தில் தீர்ந்துவிடும். தொடர்ந்து வேலை செய்ய மாறுமின்னோட்டம் தரும் பொறிகள் தேவை. அவை வளரும்வரை எட்டு ஆண்டுகள் கழிந்தன. அதற்குள் தாம்சன் ஆசிரியர் பணியை விட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் மின்விளக்குத் தொழிலில் ஈடுபட்டிருந்தார். அங்கேதான் 1885 வாக்கில் தம் முதல் பற்றவைப்புப் பொறியை அமைத்தார். 1886 ஆகஸ்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். கம்பிகளையும் சங்கிலி வளையங்களையும் சக்கரப் பட்டைகளையும் இணைக்கும் வேலைகளில் அம்முறை விரைவில் பரவியது.

அதே காலத்தில் ரஷ்யாவில் பெனார்டோஸ் என்பவர் கரிக்கோலிலிருந்து எழும் மின்வில்லைக் கொண்டு பற்றவைக்கும் முறையைக் கண்டிருந்தார். நம் பட்டறைகளில் கண்ணைப் பறிக்கும் ஒளியோடு நடக்கும் வெல்டிங் அந்த வழியில் வந்தது. தாம்சனின் முறையில் மின்வில் இல்லை. அழுத்தமும் மின்தடையும்தான் வேலையைச் செய்கின்றன.

தாம்சன் வளர்ந்த பிலடெல்பியாவிலேயே இம்முறைக்கு மற்றொரு சிறப்பும் கிடைத்தது. துருப்பிடிக்காத எஃகு நெடுநேரம் சூடுபட்டால் அதன் துருத்தடுக்கும் தன்மை குன்றிவிடும். அந்நகரின் பட் நிறுவனம், மிகச் சிறிய நேரத்துக்கு மட்டும் ஓட்டத்தைப் பாய்ச்சி இந்தக் குறையை வென்றது. அவ்வாறு செய்யப்பட்ட பயனியர் செஃபிர் என்னும் ரயில் 1934 மே 26-ஆம் நாள் டென்வரிலிருந்து சிக்காகோவுக்கு 1,015 மைல் தூரத்தை 13 மணி 5 நிமிடங்களில் கடந்தது. அதை இன்றும் சிக்காகோ அருங்காட்சியகம் ஒன்றில் காணலாம். இன்றைய மோட்டார் வண்டி ஒவ்வொன்றின் எஃகு உடலிலும் இத்தகைய பற்றவைப்புப் புள்ளிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன.

மைக்ரோவேவ் அடுப்பு இந்தக் கதைக்குள் பிற்காலத்தில் வந்தது. ரேடார் கருவிகளில் பணியாற்றிய பெர்சி ஸ்பென்சர் என்னும் அமெரிக்கர் 1945-இல் அதற்குக் காப்புரிமை கோரினார். 1967-இல் மேசைமேல் வைக்கத்தக்க சிறிய அடுப்பு வீடுகளுக்கு வந்தது. அந்த அடுப்பின் மின்மாற்றி வீட்டு மின்சாரத்தை ஏறக்குறைய 2,000 வோல்ட்டாக உயர்த்துகிறது. மெல்லிய கம்பிச் சுருள் அதற்காகத்தான் இருக்கிறது. அதை நீக்கிப் பருமனான கம்பியைச் சுற்றுகிறவர், உயர்த்தும் கருவியைத் தாழ்த்தும் கருவியாக மாற்றுகிறார். தாம்சன் அன்று மேசைமேல் செய்த திருப்பமும் இதுவே.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செய்து முடித்த கருவி தரும் 2 வோல்ட் யாரையும் அதிர்ச்சிக்கு உள்ளாக்காது. ஆபத்து அதற்கு முன்பே காத்திருக்கிறது. அடுப்பிலுள்ள மின்தேக்கி, லேடன் சாடியின் பேரப்பிள்ளை எனலாம். மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அது உயிரைப் பறிக்கும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். மெல்லிய சுருளை நீக்காமல் மின்மாற்றியை இயக்கினால், தொட்டவர் பிழைப்பது அரிது. அந்தச் சுருளின் மின்சாரத்தைக் கொண்டு மரப்பலகையில் கோலம் எரிக்க முயன்று அமெரிக்காவில் பலர் மாண்டிருக்கிறார்கள். சுருளை மாற்றிய பிறகும், முதற்சுருளில் வீட்டு மின்சாரம் முழுவதும் இருக்கிறது என்பதை மறக்கலாகாது. துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைத்தால் எழும் புகையும் காய்ச்சலை உண்டாக்கும்.

ஆகவே இந்த உரையைச் செய்முறைக் குறிப்பாகக் கொள்ள வேண்டாம் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆர்வம் உள்ளவர்கள் தகுதி பெற்ற மின்வினைஞரையோ தொழிற்கல்வி ஆசிரியரையோ அருகில் வைத்துக்கொண்டு கற்க வேண்டும். பாட்டில் பொறியோடு தொடங்கிய தாம்சனும் மின்சாரத்தின் வலிமையைச் சிறு அதிர்ச்சிகளிலிருந்தே அறிந்துகொண்டார். பின்பு ஏறக்குறைய 700 காப்புரிமைகள் பெற்று, 1937-ஆம் ஆண்டு தம் 83-ஆம் வயதில் காலமானார்.

பெற்றோருக்கும் ஒரு சொல். வீட்டில் பழைய வானொலியையும் மின்விசிறியையும் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை இருந்தால், குப்பை சேர்க்கிறான் என்று கடிந்துகொள்ளாதீர்கள். அருகில் அமர்ந்து, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை முதலில் அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். தாம்சனின் தந்தை முதலில் கேலி செய்தார் என்றாலும், மகன் இரண்டாம் முறை அழைத்தபோது மறுக்காமல் கையை நீட்டினார்.