நாட்பட்ட லைம் நோய்

நாட்பட்ட லைம் நோய் என்பது நீடித்த களைப்பு, மூட்டுவலி, மறதி முதலியவற்றுக்கு ஐக்கிய அமெரிக்காவில் இயற்கை மருத்துவர் சிலரும் பிற மருத்துவர் சிலரும் வழங்கும் பெயர் ஆகும். பொது மருத்துவம் இதனைத் தனி நோயாக ஏற்பதில்லை.

லைம் நோய்
லைம் நோய், உண்ணிக் கடியால் பரவும் 'பொரீலியா பர்க்டோர்பெரி' என்னும் பாக்டீரியாவால் உண்டாகிறது. கனெடிகட் மாநிலத்தின் லைம் பகுதிச் சிறுவர்களிடம் 1975 இல் காணப்பட்ட மூட்டழற்சியை ஆராய்ந்தபோது இந்நோய் அறியப்பட்டது. வில்லி பர்க்டோர்பர் கிருமியைக் கண்டறிந்தார்; கண்டுபிடிப்பு 1982 இல் வெளியானது.

கண்டறிதல்
கடித்த 3 முதல் 30 நாட்களில் சிவந்த தடிப்பு தோன்றிப் பரவும். உண்ணிகள் மிகுந்த பகுதிகளில் நோயை அறிய இதுவே போதும். தடிப்பு இல்லாதபோது இருபடிக் குருதிச் சோதனை செய்யப்படும். இது பிறபொருளெதிரிகளையே காட்டும். தொடக்க வாரங்களில் அவை தென்படாமல் போகலாம், குணமடைந்த பின்னும் பல ஆண்டுகள் நீடிக்கலாம். எனவே சோதனை முடிவு மட்டும் தொற்று இன்னும் உள்ளது என்பதற்குச் சான்றாகாது.

சிகிச்சை
தொடக்க நிலையில் டாக்சிசைக்கிளின் 10 முதல் 14 நாட்கள் தரப்படும். பெரும்பாலோர் குணமடைவர். சிலருக்குக் களைப்பும் வலியும் மாதக்கணக்கில் தொடரும். இதன் காரணம் முழுமையாக அறியப்படவில்லை. 2001, 2016 ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில் நீண்டகால நுண்ணுயிர்க்கொல்லி கூடுதல் பயன் தரவில்லை. நாளம் வழியான நீண்ட சிகிச்சையால் குருதித் தொற்றும் உயிரிழப்பும் நேர்ந்துள்ளன. மூலிகைகள் இத்தொற்றைக் குணப்படுத்தும் என்பதும் நிறுவப்படவில்லை.

நோயாளியின் துன்பம் மெய்யானது. தைராய்டுக் குறைபாடு, உறக்கக் கோளாறு, மனச்சோர்வு போன்ற பிற காரணங்களை ஆராயாமல் இப்பெயரைச் சூட்டினால், குணப்படுத்தக்கூடிய நோய் கவனிக்கப்படாமல் போகலாம்.