வெள்ளை நகரில் எஞ்சிய ஒரு கட்டடம்

சுவாமி விவேகானந்தர் 1893-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிகாகோவில் சொற்பொழிவாற்றியதை நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தச் சர்வ சமய மாநாடு, அவ்வாண்டு அந்நகரில் நடைபெற்ற மாபெரும் உலகப் பொருட்காட்சியை ஒட்டிக் கூட்டப்பட்டதாகும். மாநாடு நகரின் நடுவே நடந்தது. பொருட்காட்சியோ சில கிலோமீட்டர் தெற்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்திருந்தது.

ஏரி என்றதும் நம் ஊர் ஏரியை நினைத்துவிடாதீர்கள். மிச்சிகன் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்றே குறைவு. சிகாகோ கரையில் நின்றால் மறுகரை கண்ணுக்குத் தெரியாது.

1871-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் நகரின் மையப் பகுதி எரிந்து சாம்பலாயிற்று. இடிபாடுகளை ஏரியில் கொட்டியே கரையை நீட்டினார்கள். 22 ஆண்டுகளில் அதே நகரம் உலகையே விருந்துக்கு அழைத்தது. ஆறு மாதங்களில் பொருட்காட்சிக்கு வந்தோர் எண்ணிக்கை சுமார் 2 கோடியே 70 இலட்சம். வெண்ணிற மாளிகைகள் வரிசை வரிசையாக நின்றதால் மக்கள் அதனை ‘வெள்ளை நகரம்’ என்றே அழைத்தனர்.

அந்த மாளிகைகள் பளிங்கால் ஆனவையா? இல்லை. மரச் சட்டங்களும் இரும்புச் சட்டங்களுமே உள்ளே இருந்தன. பாரிஸ் சாந்து, சிமெண்டு, சணல் நார் ஆகியவற்றைக் கலந்த பூச்சுதான் வெளியே தெரிந்தது. நம் ஊர்ப் பொருட்காட்சிப் பந்தலைப் போல, விழா முடியும்வரை நின்றால் போதும் என்பதே எண்ணம். 1894 ஜூலையில் மூண்ட தீயில் பெரிய மாளிகைகள் பல அழிந்தன.

ஒன்று மட்டும் தப்பியது. கலை மாளிகை என்ற அக்கட்டடத்தில் பல நாடுகளிலிருந்து இரவலாக வந்த ஓவியங்களை வைக்கவேண்டியிருந்தது. தீப்பிடிக்கும் கொட்டகைக்கு விலைமதிப்பற்ற ஓவியத்தை யார் அனுப்புவார்கள்? ஆகவே, அதனை மட்டும் செங்கல்லால் கட்டி, மேலே சாந்து பூசினார்கள். ஓவியங்களுக்காகக் கட்டிய சுவர் பிறகு வேறு பலவற்றைக் காத்தது.

வணிகர் மார்ஷல் ஃபீல்ட் 10 இலட்சம் டாலர் நன்கொடை அளித்தார். பொருட்காட்சிக்கு வந்த அரும்பொருள்களைக் கொண்டு 1894-இல் இக்கட்டடத்திலேயே ஓர் அருங்காட்சியகம் தொடங்கியது. அதுவே இன்று நகர மையத்தை ஒட்டிய கரையில், 1921-இல் திறக்கப்பட்ட சொந்தக் கட்டடத்தில் இயங்கும் ஃபீல்ட் அருங்காட்சியகம். ‘சூ’ எனப்படும் டைரனோசாரஸ் எலும்புக்கூட்டை அங்கே காணலாம்.

காலியான பழைய மாளிகை சீரழிந்தது. பூச்சு உதிர்ந்து செங்கல் வெளியே தெரிந்தது. இடித்துவிடலாம் என்றனர் சிலர். கூடாது என்று நகரப் பெண்கள் சங்கங்கள் பாடுபட்டன.

இங்கே ஒரு சிறுவன் கதைக்குள் வருகிறான். அஞ்சல் வழி வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டிய ஜூலியஸ் ரோசன்வால்ட் 1911-இல் குடும்பத்துடன் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் சென்றார். அங்கிருந்த தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் இயந்திரங்களைப் பார்வையாளரே இயக்கலாம்; பொத்தானை அழுத்தினால் சக்கரம் சுழலும். எட்டு வயது மகன் வில்லியம் அதில் மெய்மறந்துவிட்டான். ‘தொடாதே’ என்ற பலகை இல்லாத இத்தகைய இடம் சிகாகோவுக்கும் வேண்டும் என்று தந்தை முடிவு செய்தார். 1926-இல் அவர் 30 இலட்சம் டாலர் தர முன்வந்தார். ஏரிக்கரையில் நின்ற பழைய மாளிகையே அதற்கு இடமாயிற்று. உதிர்ந்த சாந்துக்குப் பதில் சுண்ணாம்புக் கல் பதித்தனர். நாற்பது ஆண்டுக்காலப் பாவனை கல் அப்போதுதான் மெய்யான கல்லாயிற்று!

அறிவியல், தொழில் அருங்காட்சியகம் 1933-இல் திறக்கப்பட்டது. அதைக் காண ரோசன்வால்ட் உயிரோடில்லை. முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். தம் பெயரை அதற்கு வைக்கவேண்டாம் என்பது அவர் விருப்பம். 2024 முதல் வேறொரு கொடையாளரின் பெயர் அதன் முன்னே சேர்ந்துள்ளது.

ரோசன்வால்டின் சகோதரியை மணந்த மாக்ஸ் ஆட்லர், ஜெர்மனியில் ஒரு கோளரங்கக் கருவியைக் கண்டு வியந்து, அதுபோன்ற ஒன்றை இந்நகருக்கு வாங்கித் தந்தார். 1930 மே மாதம் ஏரிக்கரையில் திறக்கப்பட்ட ஆட்லர் கோளரங்கமே அமெரிக்கக் கண்டங்களில் முதலாவது. அதே ஆண்டு அருகில் ஷெட் மீன் காட்சியகமும் எழுந்தது.

செங்கல் மாளிகைக்குத் திரும்புவோம். தொடக்கம் முதலே அங்கு ஒரு நிலக்கரிச் சுரங்கம் உண்டு. கூண்டில் ஏறினால், நூற்றுக்கணக்கான அடி கீழே இறங்குவதாகத் தோன்றும். அத்தனையும் தோற்றமே, அங்கே அவ்வளவு ஆழமான குழி கிடையாது.

1954-இல் அங்கு ஒரு மெய்யான நீர்மூழ்கிக் கப்பல் வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் யு-505, சுமார் 76 மீட்டர் நீளம் கொண்டது. 1944 ஜூன் 4 அன்று மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் அமெரிக்கக் கடற்படை அதனைத் தாக்கியது. ஜெர்மானியர் கடல்நீர் உள்ளே புகுமாறு திறந்துவிட்டு வெளியேறினர். மூழ்கிக்கொண்டிருந்த கப்பலுக்குள் அமெரிக்க மாலுமிகள் குதித்து, நீர்வழியை அடைத்தனர். மறைமொழி ஏடுகளும் கைக்குக் கிடைத்தன. படைக்குத் தலைமை தாங்கிய டேனியல் காலரி சிகாகோவில் பிறந்தவர். போர் முடிந்த பின் அக்கப்பலைப் பேரேரிகள் வழியாக இழுத்து வந்து, கரையோர நெடுஞ்சாலையை ஓர் இரவு மூடி, குறுக்கே உருட்டிச் சென்றார்கள்.

வெட்டவெளியில் ஐம்பது குளிர்காலங்களைக் கண்ட இரும்பு துருப்பிடிக்கலாயிற்று. 2004-இல் கப்பலைப் பூமிக்கடியில் கட்டிய கூடத்திற்குள் இறக்கினார்கள். இப்போது சிறுவர்கள் அதன் குறுகிய நடைவழியில் வரிசையாக நுழைந்து வருகிறார்கள்.